தாத்தாவின் கிட்டார்: அந்த 16 திகதி இல்லை

பொகவந்தலாவையிலிருந்து எழுதிய தங்கச்சிக்கு,

உங்கள் முதல் கடிதத்துக்குப் பதில் சொல்லாமல், அதை அளந்து அனுப்புங்கள், இதைக் கழற்றிப் படம் எடுங்கள் என்று உங்களுக்கே வேலை வைத்தேன். நீங்களும் தம்பியும் ஒன்று விடாமல் செய்து அனுப்பியிருக்கிறீர்கள். நிறை எவ்வளவு என்று கேட்டதற்கு, கொழுந்து மடுவத்துத் தராசில் தொங்கவிட்டு நிறுத்து 3 கிலோ 200 கிராம் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் இதற்கு அரைகுறையாகப் பதில் எழுதக்கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

மற்ற வாசகர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தங்கச்சியின் தாத்தா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், தோட்டத்து மியூசிக் குரூப்பில் கிட்டார் வாசித்தவர். டிக்கோயாப் பக்கம் துரைமார் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பறங்கிக்காரர் 1971 இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகும்போது தன் எலெக்ட்ரிக் கிட்டாரை விற்றுவிட்டுப் போக, தாத்தா தீபாவளி முற்பணத்தோடு பாட்டியின் தோடு ஒரு ஜோடியையும் விற்றுச் சேர்த்து அதை வாங்கியிருக்கிறார். தாத்தா போன பிறகு அது அலுமாரிக்கு மேலேயே கிடந்திருக்கிறது. தலையில் இருந்த பெயர் தேய்ந்து போய்விட்டது. இடையில் மாமா, வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பிரவுன் எனமல் பெயின்டை அதற்கும் பூசிவிட்டார். இப்போது கண்டியில் ஒருவர் பார்த்துவிட்டு, பழைய ஜப்பான் சாமான், சின்னப் பிள்ளைகள் பழகுகிற சைஸ், 15,000 தருகிறேன் என்கிறார். தம்பியின் கூட்டாளி இது ஃபெண்டர் கம்பனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல், லட்சக்கணக்கில் போகும் என்கிறார். ஆம்பில் போட்டால் சத்தமே வரவில்லை. இது என்ன மாடல், எந்த வருடம், என்னென்ன விபரம், கராஜில் கொடுத்து நல்ல கார் பெயின்ட் ஒன்று அடித்துவிடலாமா என்பது கேள்வி.

கடைசிக் கேள்விக்குத்தான் அவசரமாகப் பதில் வேண்டும், அதனால் அதை முதலில் சொல்கிறேன்: அடிக்காதீர்கள். கராஜுக்கும் கொடுக்க வேண்டாம், கண்டிக்காரருக்கும் கொடுக்க வேண்டாம், மாமா கையிலும் இன்னொரு தடவை கொடுக்க வேண்டாம்.

உங்களிடம் இருப்பது ஃபெண்டர் மஸ்டாங். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் செய்தது. வருடம் 1966.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். பழைய கிட்டாரைப் பார்க்க வருகிற எல்லோரும் முதலில் தலையைத்தான் பார்க்கிறார்கள். தலையில் உள்ள பெயர் ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். அதை யாரும் ஒட்டலாம், யாரும் சுரண்டலாம். ஹட்டனில் 27 வருடமாக இந்த வேலை செய்கிறேன், தலையில் ஃபெண்டர் என்று போட்டுக்கொண்டு சப்பு மரத்தில் செய்த கிட்டார் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, 1977 இல் இறக்குமதி திறந்து விடுகிற வரைக்கும் நம் ஊரில் ஒரு நல்ல கிட்டார் கடையில் கிடைப்பது அவ்வளவு கஷ்டம், தச்சரைப் பிடித்துப் பலகையை அறுத்துத்தான் வாசித்தார்கள். ஆனால் தலையில் இருப்பதை நம்பி ஒரு முடிவுக்கு வரக்கூடாது. யாரும் மாற்ற நினைக்காத இடங்களில்தான் விஷயம் இருக்கிறது. நெக் என்கிற கழுத்தின் அடி, நொப்பைத் திருப்பினால் உள்ளே திரும்புகிற பொட்டின் முதுகு, தகட்டுக்குக் கீழே உள்ள மரம், கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளுக்கு இடையே உள்ள தூரம்.

தூரத்திலிருந்து தொடங்குவோம். கம்பிகள் தலைக்குக் கீழே படுத்திருக்கிற அந்த வெள்ளைத் துண்டு, நட் என்பது, அதிலிருந்து 12 ஆவது ஃபிரெட் வரை 305 மில்லிமீட்டர் என்று அளந்திருக்கிறீர்கள். இரண்டால் பெருக்கினால் 610, அதாவது 24 அங்குலம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்றால் 12 ஆவது ஃபிரெட்டுக்கு 324 மில்லிமீட்டர் வர வேண்டும், மொத்தம் 25½ அங்குலம். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்புகிற பிக்கப்பும் அதற்கு மூன்று, உங்களுடையதில் இரண்டுதான். தம்பியின் கூட்டாளி சொன்னது அதோடு முடிந்தது. ஆனாலும் அந்தப் பிள்ளை ஃபெண்டர் தலையின் வெட்டை அடையாளம் கண்டிருக்கிறான், அவனைக் குறை சொல்லாதீர்கள்.

கண்டிக்காரர் சின்னப் பிள்ளைகள் சைஸ் என்று சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. மஸ்டாங்கை ஃபெண்டர் 1964 இல் வெளியிட்டபோது பழகுகிறவர்களுக்கென்றுதான் வெளியிட்டார்கள். சின்னக் கை எட்ட வேண்டும் என்றுதான் நீளத்தைக் குறைத்தார்கள், 22½ அங்குலத்தில் இன்னும் சின்னதாகவும் ஒன்று செய்தார்கள். ஆனால் பழகுகிறவர்களுக்கான கிட்டார் என்றால் மட்டமான கிட்டார் என்று அர்த்தம் ஆகிவிடாது. அதே தொழிற்சாலை, அதே கைகள். பிற்காலத்தில் நிர்வானா குரூப்பின் கர்ட் கோபேன் மேடையில் பிடித்துக்கொண்டு நின்றது இந்த மாடலைத்தான், அதற்குப் பிறகு இதைத் தேடுகிறவர்கள் உலகம் முழுக்க அதிகமாகிவிட்டார்கள்.

ஜப்பான் என்ற பேச்சுக்கு வருவோம். 60களில் ஜப்பானிலிருந்து வந்த டெய்ஸ்கோ போன்ற கிட்டார்களை நான் நிறையவே திருத்தியிருக்கிறேன், அவற்றின் மேல் எனக்குத் தனிப் பிரியமே உண்டு. அவற்றில் பலவற்றுக்கு நட்டை ஒட்டி ஒரு கூடுதல் ஃபிரெட் இருக்கும், நெக்கை உடலோடு பூட்டுகிற பின் தகட்டில் நெக்குக்குள் இரும்பு வைத்திருப்பதாக ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும், உடல் பல சமயம் ஒட்டுப்பலகை. உங்கள் பின் தகட்டின் படத்தில் பெரிய எஃப் எழுத்து ஒன்றும், அதற்கு மேலே 1 இல் தொடங்குகிற ஆறு இலக்கங்களும் தெரிகின்றன. ஃபெண்டர் கம்பனியை 1965 ஜனவரியில் சீபிஎஸ் என்ற பெரிய நிறுவனம் 130 லட்சம் டொலருக்கு வாங்கியது, அந்த வருடக் கடைசியிலிருந்து 1976 வரைக்கும் தகட்டில் அந்த எஃப் இருக்கும். 1 இல் தொடங்கும் ஆறு இலக்கம் என்றால் அந்தக் காலத்தின் ஆரம்பம். ஆனால் தகட்டு இலக்கத்தை வைத்து மட்டும் வருடம் சொல்ல மாட்டேன். தகடுகளைப் பெட்டியில் கொட்டி வைத்து, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டினார்கள், இலக்கம் முன்பின்னாக வரும். நான்கு ஆணி கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும், வேறொன்றில் இருந்ததையும் மாட்டலாம்.

அதனால்தான் நெக்கைக் கழற்றச் சொன்னேன். கழற்றியதும் அடிமுனையில் மை முத்திரை ஒன்று இருக்கிறது, 16 மார்ச் 66 பி என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கிறது, அப்படியானால் இது 1966 மார்ச் 16 ஆம் திகதி செய்ததுதானே என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் வாசிப்பார்கள். ஆனால் அந்த 16 திகதி இல்லை, அது மாடலின் குறி இலக்கம். 24 அங்குல மஸ்டாங் நெக்குக்கு 16. ஸ்ட்ராட்டுக்கு, அதாவது ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு, அந்தக் காலத்தில் 13 வரும், அதையும் பலர் 13 ஆம் திகதி என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். மார்ச் 66 என்பது நெக் செய்த மாதமும் வருடமும். கடைசியில் உள்ள பி, நட் இருக்கிற இடத்தில் நெக்கின் அகலம். ஏ என்றால் 1½ அங்குலம், பி 1⅝, சி 1¾. நீங்கள் நட்டை அளந்து 41 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள், 1⅝ அங்குலம் என்பது 41.3. ஒன்றுக்கொன்று தெரியாமல் இரண்டு சாட்சிகள் ஒரே சொல்லைச் சொன்ன மாதிரி.

இந்த முத்திரையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. நான் தொழில் பழகிய முதல் வருடம், ஒருவருடைய பழைய கிட்டாரின் நெக்கைக் கழற்றினேன், அடியில் ஏதோ நீலமாக அழுக்குப் பிடித்திருந்தது, சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்துவிட்டேன். அது என்னவென்று தெரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதற்குள் அந்த மனிதர் கிட்டாரோடு வெளிநாடு போய்விட்டார். அவருக்கு நான் அழித்துக் கொடுத்தது அந்தக் கிட்டாரின் பிறப்புச் சாட்சிப் பத்திரம். இன்றைக்கும் நெக் கழற்றினால் முதலில் போனை எடுத்துப் படம் எடுப்பேன், அப்புறம்தான் துணியைத் தொடுவேன். தயவு செய்து உங்கள் நெக்கின் அடியை ஈரத்துணியால்கூடத் துடைக்காதீர்கள்.

நெக்கை மட்டும் மாற்றியிருக்கலாமே என்று ஒரு சந்தேகம் வரலாம், வர வேண்டியதுதான், ஆணி போட்டுப் பூட்டுகிற நெக் ஆயிற்றே. அதற்குத்தான் பொட். நொப்பு இரண்டும் ஜாக்கும் இருக்கிற அந்த வெள்ளித் தகட்டைத் தூக்கி, வால்யூம் பொட்டின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று தம்பியைப் பார்க்கச் சொன்னேன். அவன் டோர்ச் அடித்து வாசித்துச் சொன்னது 1376612. முதல் மூன்று இலக்கம் 137, அது சீடிஎஸ் என்ற கம்பனியின் குறி. அடுத்து 66, வருடம். கடைசி 12, அந்த வருடத்தின் 12 ஆவது வாரம், அதுவும் மார்ச் மாதத்தின் பின்பாதிதான். இதிலும் ஒரு கவனம் வேண்டும், 1966 இல் ஃபெண்டர் பொட்டுகளைப் பெருந்தொகையாக வாங்கிப் போட்டார்கள், அவை தீர மூன்று வருடம்கூட ஆனது, ஆகவே 66 பொட் இருக்கிறது என்பதால் கிட்டாரும் 66 என்று அடித்துச் சொல்ல முடியாது, 66 க்கு முந்தியது இல்லை என்று மட்டும் சொல்லலாம். உங்களுடையதில் நெக்கும் பொட்டும் ஒரே மாதத்தில் நிற்கின்றன, பின் தகடும் அதே காலம். மூன்றும் பொருந்தினால் நான் வேறு தேட மாட்டேன்.

பொட்டைச் சுற்றியுள்ள ஈயத்தையும் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். மங்கிப்போய், சாம்பல் பூத்து, ஒருவரும் தொடாத ஈயம். சந்தோஷமாக இருந்தது.

இதே உடலில், இதே மாதிரி சாய்ந்த இரண்டு பிக்கப்போடு டுவோ-சோனிக் என்றொரு மாடலும் அப்போது வந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது, உடலில் கம்பிகளைத் தாங்கி நிற்கிற பிரிட்ஜ் பக்கம். டுவோ-சோனிக்கில் அசையாத பிரிட்ஜ். உங்களுடையதில் கம்பிகள் பிரிட்ஜைத் தாண்டிப் போய் உருண்டையான ஒரு கோலுக்குள் நுழைகின்றன, அந்தக் கோலை அமுக்கினால் அசைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் கம்பனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் மஸ்டாங்குக்கென்று செய்த டிரெமலோ, கம்பிகளைத் தளர்த்தி இறுக்கிச் சுருதியை அசைப்பது. அதன் கைப்பிடி உங்களிடம் இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

விபரம் கேட்டீர்கள், மேலே சொல்லாததை மட்டும் சொல்லிவிடுகிறேன். நெக் மேப்பிள், அதன் மேல் ஒட்டியிருக்கிற கறுப்புப் பலகை ஈட்டி மரம், 22 ஃபிரெட். அந்தப் பலகையின் வளைவு 7¼ அங்குல ஆரம், நன்றாக உருண்டிருக்கும், பல கம்பிகளைச் சேர்த்து அமுக்குகிற கோர்ட் பிடிக்க இதம், ஆனால் கம்பியை மிகவும் தாழ்த்தி வைத்து மேல் ஃபிரெட்டில் இழுத்து வாசித்தால் சத்தம் செத்துப் போகும், அது பழுது இல்லை, அந்த வளைவின் சுபாவம். உடல் பெரும்பாலும் பாப்ளர் என்ற மரம். நெக் குழிக்குள் ஆணித்துளையைச் சுற்றி மரம் கொஞ்சம் பச்சை கலந்த வெள்ளையாகத் தெரிகிறது என்று நீங்கள் எழுதியது அதற்குப் பொருந்துகிறது. பொட் இரண்டும் 250 கிலோ ஓம், ஒன்று வால்யூம், ஒன்று டோன். கம்பிகளுக்குக் கீழே உடலின் முன்பக்கத்தில், காதணிக்கல் மாதிரி முத்துப் பளபளப்போடு இருக்கிற வெள்ளைத் தகடு பழைய செலுலாய்டு, அது சுருங்கும், ஆணி இருக்கிற மூலைகளில் வெடிக்கும், அதைவிட முக்கியம், லேசில் தீப்பிடிக்கும். குளிருக்குக் காயட்டும் என்று யாரும் அடுப்புப் பக்கம் வைத்துவிட வேண்டாம்.

இனி சத்தம் வராத விஷயம். ஒவ்வொரு பிக்கப்புக்கும் மேலே சின்னதாக ஒரு இழுவைச் சுவிட்ச் இருக்கிறதே, அவை இரண்டும் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய முதல் படத்தில் இரண்டும் சரியாக நடுவில் நிற்கின்றன. மஸ்டாங்கில் நடு என்றால் ஓஃப்! ஒரு பக்கம் தள்ளினால் வேலை செய்யும், மற்றப் பக்கம் தள்ளினாலும் வேலை செய்யும், நடுவில் வைத்தால் அந்தப் பிக்கப் அணைந்துவிடும். இரண்டு பக்கம் எதற்கென்றால், இரண்டு சுவிட்சையும் ஒரே பக்கம் தள்ளினால் ஒரு சத்தம், எதிரெதிராகத் தள்ளினால் பிக்கப் இரண்டும் ஒன்றையொன்று வெட்டி, மூக்கால் பாடுகிற மாதிரி மெலிந்த இன்னொரு சத்தம் வரும். அதனால் முதலில் சுவிட்சுகளை ஒரு இருபது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள், துருப் பிடித்திருந்தால் கொஞ்சம் விடும், பிறகு ஒரு பக்கத்தில் நிறுத்தி ஆம்பில் போட்டுப் பாருங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால், ரேடியோ திருத்துகிறவர் யாரிடமாவது மல்டிமீட்டர் இருக்கும். கிட்டார் வயரை ஜாக்கில் குத்தி, மறு முனையின் நுனியிலும் உடம்பிலும் மீட்டரைப் பிடித்து, வால்யூமை முழுதாகத் திறந்து, ஒரு நேரத்தில் ஒரு பிக்கப்பை மட்டும் போட்டு ஓம் பார்க்கச் சொல்லுங்கள். 5 இலிருந்து 7 கிலோ ஓம் வந்தால் பிக்கப் உயிரோடு இருக்கிறது. 200 க்கு மேலே நின்றால் உள்ளே சுருள் அறுந்திருக்கலாம், தலைமயிரைவிட மெல்லிய கம்பி அது, நம் ஊர் ஈரத்தில் அறுவது புதுமை இல்லை. அறுந்திருந்தாலும் திரும்பச் சுற்றலாம். பழைய பிக்கப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு ஜோடிப் பிக்கப்பே கண்டிக்காரர் சொன்ன விலையைப் போலப் பல மடங்கு பெறும்.

பிரிட்ஜில் ஆறு சின்ன உருளைகள் இருக்கின்றன. தம்பி சுத்தம் செய்ய ஆசைப்படுகிறான் என்று எழுதியிருந்தீர்கள், நல்ல பிள்ளை, ஆனால் அவற்றைக் கழற்றிக் கோப்பையில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டுவிட வேண்டாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் பருமன் ஒன்றில்லை. நெக்கின் வளைவுக்கு ஏற்ற மாதிரி நடுவில் ஒரு பருமன், ஓரத்தில் ஒரு பருமன் என்று கடைந்திருக்கிறார்கள், தனித்தனியாக உயர்த்தவும் இறக்கவும் ஆணி கிடையாது. ஒழுங்கு மாறினால் ஒரு கம்பி உயரும், ஒன்று ஃபிரெட்டில் இடிக்கும், பிரச்சினை எங்கே என்று தேடி நாள் போய்விடும். கழற்றத்தான் வேண்டும் என்றால் ஒரு கடதாசியில் 1 முதல் 6 வரை எழுதி, அந்தந்த இலக்கத்தின் மேல் வைத்துக் கழற்றச் சொல்லுங்கள். பிரிட்ஜ் முன்னும் பின்னும் ஆடுகிறதே, அதை இறுக்கலாமா என்றும் கேட்டிருந்தான். ஆட வேண்டும். டிரெமலோவை அமுக்கும்போது கம்பியோடு சேர்ந்து பிரிட்ஜ் சாய்ந்து திரும்பி வருவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

நெக்கைத் திரும்பப் பூட்டும்போது ஒரு சின்ன விஷயம். குழிக்குள் மடித்த கடதாசித் துண்டோ மெல்லிய அட்டையோ இருந்தால் குப்பை என்று வீசிவிடாமல் அதே இடத்தில் வையுங்கள், அது சாய்வுக்காக வைத்தது. ஆணியைத் துளையில் வைத்ததும் முறுக்காமல், முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள், ஒரு இடத்தில் டிக் என்று விழும், அதுதான் பழைய மரையின் வாய், அங்கிருந்து கையால் முறுக்கினால் வெண்ணெய் மாதிரி போகும். நேரே முறுக்கினால் 60 வருட மரத்தில் புது மரை வெட்டும், இரண்டு மூன்று தடவையில் ஆணி பிடிப்பு விட்டுவிடும். நெக் கொஞ்சம் வளைந்திருப்பது படத்தில் தெரிகிறது. அதை நிமிர்த்துகிற ஆணி நெக்கின் அடிமுனையில்தான் இருக்கிறது, நீங்கள் தொட வேண்டாம், நான் பார்க்கிறேன். அதுவரைக்கும் கம்பிகளைத் தளர்த்தியே வையுங்கள். புதுக் கம்பி போடும்போது 11 ஆம் நம்பர் செட் வாங்குங்கள், மெல்லிய 9 போட்டால் இந்தக் குட்டை நீளத்தில் தொய்ந்து பிரிட்ஜில் கிலுகிலுக்கும்.

பெயின்டுக்கு வருகிறேன். நெக் குழிக்குள்ளே சிவப்பு தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மஸ்டாங் அந்த வருடங்களில் சிவப்பு, நீலம், வெள்ளை என்று மூன்று நிறத்தில்தான் வந்தது. சிவப்புக்கும் நீலத்துக்கும் வெள்ளை முத்துத் தகடு. உங்கள் தகடு வெள்ளை. ஆக மாமாவின் பிரவுனுக்குக் கீழே ஃபுல்லர்டனில் அடித்த அசல் சிவப்பு இன்னும் படுத்திருக்கிறது. அது உங்களுக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம், ஏனென்றால் மாமா தேய்க்காமல் மேலே பூசியிருக்கிறார், விளிம்பில் எனமல் பெயர்ந்த இடத்தில் அடியில் உள்ளது மினுங்குகிறது, தேய்த்திருந்தால் மினுங்காது. கராஜில் கொடுத்தால் முதல் வேலையாக ரிமூவர் தடவுவார்கள் அல்லது மெஷினில் சுரண்டுவார்கள். ரிமூவருக்கு மாமாவின் பெயின்ட் எது, 1966 பெயின்ட் எது என்று தெரியாது, இரண்டையும் சேர்த்தே வழித்துக்கொண்டு வரும். அசல் பெயின்ட் போன பழைய கிட்டாருக்கு வாங்குகிறவர்கள் ஏறக்குறைய பாதி விலைதான் பேசுவார்கள். விலையை விடுங்கள், போனால் அந்தச் சிவப்பு திரும்ப வராது. எனமலை மட்டும் மர ஈர்க்காலும் நகத்தாலும் சின்னச் சின்னதாகப் பெயர்க்கலாம், மாதக்கணக்கு வேலை, செய்து பார்த்திருக்கிறேன், முடியும். அவசரமில்லை. பிரவுனாகவே இருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

விற்பதா வைத்திருப்பதா என்று நேரடியாக நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி இருக்கிறது. விற்றால் பிழை என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டுக் கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும். மஸ்டாங்குக்கு ஸ்ட்ராட் விலை வராது, அந்தக் கனவு வேண்டாம், ஆனால் 15,000 என்பது அநியாயம். விற்பதென்றால் முத்திரை, பொட், தகடு, குழிக்குள் உள்ள சிவப்பு, இவ்வளவுக்கும் படம் வைத்துக்கொண்டு, மாடல் பெயரும் வருடமும் சொல்லிப் பேசுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லி யாராவது கேட்டால், அந்தக் காலத்து ஈட்டிப் பலகைகளில் பிரேசில் மரமும் உண்டு, அந்த மரத்துக்கு 1992 இலிருந்து சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது, அனுமதிப் பத்திரம் இல்லாமல் அனுப்பி அது சுங்கத்தில் மாட்டிக்கொள்ளக்கூடாது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

ஆனால் முடிவெடுக்கும் முன் நான் பார்த்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஃபிரெட்டுகளைப் பக்கத்தில் வைத்து எடுத்த அந்த ஐந்தாவது படத்தை நான் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரணமாகப் பழைய கிட்டார்களில் 1, 2, 3 ஆம் ஃபிரெட்டில்தான் பள்ளம் விழுந்திருக்கும், கோர்ட் பிடித்துப் பிடித்து. உங்களுடையதில் அங்கே லேசாகத்தான் இருக்கிறது. 5 இலிருந்து 10 வரைக்கும், மெல்லிய இரண்டு கம்பிகளுக்குக் கீழே மட்டும், கம்பி தங்குகிற அளவுக்குப் பள்ளம். அதுவும் நேராக இல்லை, பக்கவாட்டில் அகன்றிருக்கிறது, கம்பியை இழுத்து அசைத்து வாசித்த கை. தாத்தா குரூப்பில் சும்மா கிட்டார் அடித்தார் என்று எழுதியிருந்தீர்கள் தங்கச்சி. அவர் சும்மா அடிக்கவில்லை. அவர்தான் பாட்டை எடுத்துப் பாடுகிற மாதிரி லீட் வாசித்தவர். தொழிற்சாலையிலிருந்து வயர் இழுத்துக் கரண்ட் எடுத்துத் திருவிழாவில் வாசித்தார்கள் என்று பாட்டி சொன்னாரே, அந்த இரவுகளில் கோயில் முன்னால் நின்ற சனம் கேட்டது இந்த 5 இலிருந்து 10 வரைக்கும் உள்ள இடத்தைத்தான். ஃபிரெட் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், கொஞ்சம் பொறுங்கள். இன்னும் உயரம் இருக்கிறது, மேலால் மெல்லச் சமப்படுத்தினால் போதும்.

மழை தொடங்கும் முன் அதை அலுமாரிக்கு மேலிருந்து உள்ளே எடுங்கள். கூரைக்குப் பக்கத்தில்தான் காம்பிராவின் ஈரமும் புகையும் போய் நிற்கும். பழைய பருத்திச் சேலையில் சுற்றி, துணிகளோடு நிற்கவையுங்கள், மருந்து டப்பாக்களில் வரும் அந்த ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகள் கிடைத்தால் நாலைந்து போடுங்கள். பிளாஸ்டிக் உறையில் கட்ட வேண்டாம், உள்ளே வியர்த்து பிக்கப் துருப்பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்கும். கொண்டு வாருங்கள், பார்ப்பதற்கு நான் காசு வாங்க மாட்டேன். பஸ்ஸில் மேலே வைக்காமல் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வாருங்கள், தலை ஜன்னல் பக்கம் இடிக்காமல். வரும் முன் பாட்டியிடம் ஒன்று கேளுங்கள். டிரெமலோவின் கைப்பிடி, பென்சிலைவிடக் கொஞ்சம் மெலிந்த, வளைந்த ஒரு இரும்புக் கம்பி, சின்ன ஆணி ஒன்றால் இறுக்குவது, அதை வாசிக்காத நாட்களில் கழற்றி வைக்கிற பழக்கம் அந்தக் காலத்து ஆட்களுக்கு உண்டு. தையல் மெஷின் லாச்சி, பழைய பிஸ்கட் டின், தாத்தாவின் சாமான் பெட்டி, எல்லாவற்றையும் ஒரு தடவை கொட்டிப் பாருங்கள். என்ன கம்பி என்று தெரியாமல் யாரும் வீசாமல் வைத்திருந்தால், அது அங்கேதான் இருக்கும்.

அன்புடன்,
ஹட்டன் கிட்டார் திருத்துகிற அண்ணன்